குறையாத பாட்டில்

மார்ச் 3

மேம்பாலம் ஏறி முடிப்பதற்குள் காரின் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரங்கட்டிவிட்டு நானும் மனைவியும் அரை மணி நேரம் வெயிலில் நின்றோம். ரேடியேட்டர் பக்கத்துப் பாட்டிலில், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கழுத்துவரை இருக்கிறது. அந்தக் கவலை இல்லை.

இருபத்தொன்றாம் தேதி மகளுக்குப் பிரசவம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் இருப்பது மலைமேல். மூன்று மணி நேர ஏற்றம். பாலமே ஏறாத வண்டி மலை ஏறுமா? ஏற வைக்கிறேன். முப்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான்.

மார்ச் 4

ரேடியேட்டர் விசிறியை இயக்கும் ரிலே சுவிட்சை மாற்றினேன். லிஃப்டில் பாதிக் கோளாறு ரிலேயில்தான் இருக்கும். விசிறி ஜோராகச் சுற்றுகிறது. "முடிஞ்சது வேலை" என்றேன். "ம்" என்றாள் மனைவி. நர்ஸ் வேலையிலிருந்து அவள் ஓய்வு பெற்றுவிட்டாள். அந்த "ம்" இன்னும் ஓய்வு பெறவில்லை.

மார்ச் 6

மறுபடியும் சிவப்பு. ஹீட்டரைப் போட்டால் இன்ஜின் சூடு இறங்கும் என்பார்கள். போட்டேன். சில்லென்று காற்று வந்தது. கொதிக்கிற இன்ஜினிலிருந்து குளிர்ந்த காற்றா? ஒன்றும் புரியவில்லை.

மார்ச் 8

வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. பட்டறைக்காரர், "பம்ப்பா இருக்கும் சார். பிரிச்சாத்தான் தெரியும். ரெண்டு வாரம் விட்டுட்டுப் போங்க" என்கிறார். ரெண்டு வாரத்துக்கு எங்கே போவது?

மகள் போனில், "அந்த வண்டியை நம்பாதீங்கப்பா, பஸ்ல வாங்க" என்றாள். மூன்று பஸ் மாற வேண்டும், அம்மாவின் முட்டி தாங்காது என்று பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். "எனக்குச் சொல்லித் தராத"ன்னு கத்திட்டேன். நிறைமாசப் பொண்ணுகிட்டப் போய் — எனக்கென்ன கேடு?

மார்ச் 9

வண்டிப் பக்கமே போகவில்லை. மகளுக்குப் போனும் செய்யவில்லை. வீம்பு.

மார்ச் 11

காலையில் மனைவி பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஒரு வாரமா பார்க்கிறேன். இந்தப் பாட்டில் குறையவே இல்லையே."

"குறையாம இருந்தா நல்லதுதானே?"

"ட்ரிப்ஸ் பாட்டில் குறையலேன்னா நல்லதுன்னா சொல்வோம்? உள்ள ஏறலேன்னு அர்த்தம்."

இன்ஜின் ஆறித்தான் இருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். விரலை முழுக்க விட்டும் நனையவில்லை. மூடியின் ரப்பர் வெடித்துப் போயிருக்கிறது. சூட்டில் பாட்டிலுக்குப் போகும் கூலன்ட், ஆறியதும் ரேடியேட்டருக்குத் திரும்ப வேண்டும். இந்த மூடி போக விடுகிறது, திரும்ப இழுக்க மாட்டேன் என்கிறது. ஹீட்டருக்குச் சூடு கொண்டுபோக உள்ளே கூலன்ட்டே இல்லை! நிறைந்த பாட்டிலைப் பார்த்துப் பார்த்து நான் பூரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சாயங்காலம் நானே மகளுக்குப் போன் செய்தேன். கத்தியது தப்பு என்றேன். "சாப்டீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 13

புது மூடி போட்டு, ரேடியேட்டரை நிரப்பி, தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் செங்குத்துச் சாலையில் ஆறு முறை ஏறி இறங்கினோம். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, நோயாளிக்கு ஜுரம் குறிப்பதுபோல முள்ளைக் குறித்துக்கொண்டே வந்தாள். ஆறு முறையும் பாதியைத் தாண்டவில்லை. ஆறியதும் பாட்டில் இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது. பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 17

காலை ஆறு மணி. மருமகன் போன்: "மாமா, வலி எடுத்துடுச்சு." நாலு நாள் முன்னாடியே. கிளம்புகிறோம்.

அதே நாள், மாலை, ஆஸ்பத்திரி

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். பிரசவத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து சேர்ந்துவிட்டோம்.

மகள் கண் திறந்ததும், "பஸ்லயா வந்தீங்க?" என்றாள்.

"கார்ல."

"சரி பண்ணிட்டீங்களா?"

"உங்கம்மா பண்ணினா."

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டே, மகள் கைக்கு மேலே தொங்கிய ட்ரிப்ஸ் பாட்டிலைக் கண்ணால் காட்டி, "குறையுதான்னு பார்த்துக்கோங்க" என்றாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். குறைந்துகொண்டிருக்கிறது.