செத்தல் மிளகாய் மணக்காத வெள்ளிக்கிழமைகள்

பலெர்மோ
ஒக்டோபர் 14

அன்புள்ள மகன் தனேஸுக்கு,

இங்கே அப்பாவும் நானும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நோர்வே மழையில் நீயும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க அம்மனைக் கும்பிடுகிறேன். போனில் கதைத்தால் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்வார், அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை அவருக்குப் படம் எடுத்து அனுப்பிவிடாதே.

மாசி மாதம் நீ மேல்வீட்டு இவெத்தின் மகள் ஸ்டெஃபானியைக் கட்டப் போவதாகச் சொன்னாய், அம்மா ஓம் என்றால்தான் என்றும் சொன்னாய். நான் மாட்டேன் என்றேன், ஏன் என்று சொல்லவில்லை. இவெத் மொரீசியஸ்காரி, பூட்டன் தமிழர் என்கிறாள், ஆனால் வாயில் ஒரு தமிழ்ச் சொல் இல்லை, எங்களுக்குள் கதை எல்லாம் இத்தாலி மொழியில்தான். வாசலில் மிளகாய் மாதிரிச் சிவப்புக் கொம்பு ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறாள், கண்ணூறு படாமல் இருக்க என்கிறாள். மனதில் கள்ளம் இல்லாதவளுக்கு அது எதற்கு என்று நான் நினைத்தேன். அதே மாதம் உன் பிறந்தநாளன்று போனில் உன்னைப் பார்த்து எவ்வளவு வடிவான பெடியன் என்று மூன்று தரம் சொன்னாள். ஒரு தரம் சொன்னால் போதாதா?

அடுத்த வெள்ளிக்கிழமை நீ வீடியோவில் இருக்கும்போதே ஏழு செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துப் போனைச் சுற்றினேன். நீ சிரித்தாய். அப்பா வேலைக்குப் போன பிறகு தாச்சியில் போட்டு எரித்தேன், நெடியே இல்லை. மிளகாய் எரிந்தும் நெடி வராவிட்டால் கண்ணூறு எவ்வளவு பொல்லாதது என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு வெள்ளியும் எரித்தேன், ஒவ்வொரு வெள்ளியும் அப்படியே. கண் மட்டும் கலங்கும், அது உன்னை நினைத்து வருகிறது என்று இருந்தேன். அப்பா வேறு சோற்றில் கைவைத்ததும் தண்ணீர் தேடுவார், என்ன செல்வம், மிளகாய்த்தூள் சரையை அப்படியே கொட்டினீரோ என்பார். என் கறியிலும் அவள் கண் பட்டுவிட்டது என்று எண்ணினேன்.

போன வெள்ளி பஸ் வேலைநிறுத்தம், இவெத் வேலைக்குப் போகவில்லை, எனக்கு அது தெரியாது. நான் எரித்துக்கொண்டிருக்க அவள் இருமி இருமி ஓடிவந்து கதவை இடித்தாள், உள்ளே வந்து யன்னல் எல்லாம் திறந்தாள். கண்ணூறு எரித்ததைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று தாச்சியை மூடினேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு, “செல்வா, நீ ஏன் இருமவில்லை?” என்று கேட்டாள்.

கோப்பித்தூளை என் மூக்கடியில் பிடித்தாள், தோடம்பழத் தோலைக் கசக்கிப் பிடித்தாள், ஒன்றும் மணக்கவில்லை தனேஸ். தை மாதக் காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு மணமும் உறைப்பும் போய்விட்டன, நான் கவனிக்கவே இல்லை. திங்கட்கிழமை அவளே டொக்டரிடம் கூட்டிப்போனாள். சிலருக்குத் திரும்பி வரும் சிலருக்கு வராது என்றார், தலையை ஸ்கேன் படம் எடுக்கக் கார்த்திகையில் திகதி தந்திருக்கிறார்கள், அதற்கும் அவள்தான் வருகிறாளாம். அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

மிளகாய் யாருக்காக எரித்தாய் என்று அவள் கேட்கவில்லை. அந்த வெள்ளி பின்னேரமே தன் வீட்டு மிளகாய் அரையல் ஒரு போத்தல் கொண்டுவந்தாள், நான் கை நீட்ட அதைக் கையில் தராமல் மேசையில் வைத்தாள். மிளகாயைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும், எங்கள் வீட்டில் அப்படித்தான் என்றாள். நம் வீட்டிலும் அப்படித்தானே. எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. எட்டு மாதம் அந்த மனுசியைத் திருடியைப் பார்ப்பது போலப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டெஃபானி பக்கத்து ஊர் பகேரியாவுக்கு வேலைக்குப் போய்வருகிறாள், படியில் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறாள். அவளுக்கு மிலானோவில் வேலை கிடைத்திருப்பதாகக் கேள்வி. அது உண்மையோ, நான் மாட்டேன் என்றதால்தானோ என்று இவெத்தைக் கேட்க எனக்கு முகம் இல்லை. அம்மா ஓம் சொல்லிவிட்டேன் மகன். உனக்கும் அவளுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது, அம்மன் துணை இருக்கட்டும். ஈரச் சப்பாத்தோடு திரியாதே. கடிதம் கிடைத்த உடனே எனக்குப் போன் எடுக்க வேண்டாம், முதலில் அவளுக்கு எடுத்து, இன்னும் உன்னைக் கட்ட விருப்பமா என்று கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
நகுலேஸ்வரன் செல்வமலர்