மெயினை இறக்காத கல்யாண வீடு

14-11-92, சனி

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், நடுவில் உள்ள பட்டிகள், எங்கேயும் கரண்ட் இல்லை. நேற்றுக் காற்றில் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்துவிட்டன. மில் சங்கும் ஊதவில்லை.

விடிந்ததிலிருந்து மழையில் நின்று கம்பி இழுத்துவிட்டு வருகிறேன், அல்லா பிச்சை டீக்கடையில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். "ஏலே, கரண்ட்காரன் மட்டும் வாரான், கரண்டக் காணோமே!" காற்றை நான்தான் ஊதிவிட்டேன் என்று நினைப்பு. ஒன்பது வருஷமாகக் காண்ட்ராக்ட் கூலி நான். திட்டு வாங்கும்போது மட்டும் நிரந்தர ஊழியன்.

16-11-92, திங்கள்

என்ஜினியர் கூப்பிட்டுச் சொன்னார்: "நிரந்தர ஆர்டர் லிஸ்ட்ல உம்ம பேரு இருக்கு. பொங்கலுக்குள்ள வந்துரும். இந்த நேரம் பாத்து லீவு கீவு போட்டுராதீரும்."

என் பெண்டாட்டி முத்தாத்தாளிடம் சொன்னேன். "ஆர்டரக் கையில காட்டுங்க. பொறவு சிரிக்கேன்" என்றாள். ஆனாலும் ராத்திரி முட்டை பொரித்து வைத்தாள்.

17-11-92

இந்த இருட்டில் ஒருவருக்கு மட்டும் யோகம். என் மச்சான் தனுஷ்கோடி, முத்தாத்தாளின் அண்ணன். மைக் செட் கடை வைத்திருப்பவர். போன வருஷம் ஜெனரேட்டர் வாங்கினார். இப்போது கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லாம் அவர் வாசலில்தான். "மாப்ளே, நீ மெதுவா சரி பண்ணு. ஒண்ணும் அவசரமில்ல" என்று சிரிக்கிறார்.

எந்த வீட்டில் சொருகினாலும் முதலில் மெயின் சுவிட்சை இறக்குங்கள், இல்லாவிட்டால் உங்கள் கரண்ட் தெருக்கம்பிக்கு ஏறிவிடும் என்று சொன்னேன். "எனக்கே சொல்லித்தாரியா?" என்றார்.

18-11-92

இன்றும் இல்லை. மோட்டார் ஓடாததால் குழாயில் தண்ணீரும் இல்லை. அதற்கும் என்னையே திட்டினார்கள்.

21-12-92, திங்கள்

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிண்டியது போல இருக்கிறது. இருக்கட்டும், யார் படிக்கப் போகிறார்கள்?

வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. மதுரையில் எடுத்துவிட்டார்கள். எழுதிவிட்டேன். இனி நினைத்து நினைத்துப் பார்க்க வேண்டியதில்லை—

மறப்பதற்கு முன்னால் நடந்ததை எழுதி வைக்க வேண்டும். போன மாதம் 19ஆம் தேதி சாயங்காலம், வன்னியம்பட்டி விலக்கு. மத்தியானம்தான் டிரான்ஸ்பார்மர் வரைக்கும் கரண்ட் வந்திருந்தது. பியூஸ் கட்டை மூன்றையும் நானே பிடுங்கித் தோள்பையில் போட்டுக்கொண்டு கம்பத்தில் ஏறினேன். கீழே என் கூட்டாளி கருத்தையா கயிறு பிடித்து நின்றான். நாலு வீடு தள்ளி ஒரு கல்யாண வீடு. திடீரென்று அந்த வரிசை வீடுகளில் எல்லாம் பல்பு எரிந்தது. பிள்ளைகள் தெருவுக்கு ஓடிவந்து, "கரண்ட் வந்துருச்சேய்!" என்று கத்தினார்கள். எப்படி வரும்? பியூஸ் என் பையில் அல்லவா இருக்கிறது? இதை நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

கருத்தையா கல்யாண வீட்டுக்கு ஓடிப் பார்த்திருக்கிறான். மெயின் மேலேயே இருந்ததாம். மச்சான் ஜெனரேட்டரின் ஒயரைப் பிளக்கில் சொருகிவிட்டு, பந்தலில் 'ஹலோ, மைக் டெஸ்டிங்' சொல்லிக்கொண்டிருந்தாராம்.

என் தோள்பையை ஆஸ்பத்திரியில் முத்தாத்தாள் கையில்தான் கொடுத்தார்கள். மூன்று கட்டையையும் அவளே எடுத்து வைத்திருக்கிறாள்.

24-12-92

மச்சான் வந்தார். என் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதார். "கல்யாண வீட்டு அவசரத்துல மறந்துட்டேன் மாப்ளே. போலீஸ்ல சொல்லிராத." ஆரஞ்சுப்பழம் வாங்கி வந்திருந்தார். உரித்துத் தின்ன எனக்கு இரண்டாவது கை வேண்டும். அது அவருக்குத் தோன்றவில்லை.

28-12-92

ஆபீஸிலிருந்து விசாரணைக்கு வருகிறார்கள். நடந்தது என்ன என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உண்மையை எழுதினால் மச்சான் மேல் கேஸ். என் தப்பு என்று எழுதினால் ஆர்டர் கிடையாது. ஆபீஸ் என்னைக் கைகழுவி விட்டுவிடும். என்ஜினியர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "உம்ம பக்கம் தப்பு இல்லன்னா ஒரு கையோடயும் ஆபீஸுக்குள்ள வேல போட்டுத் தருவோம்."

முத்தாத்தாள் சாப்பிடவில்லை. "அப்பா செத்த பொறவு அண்ணந்தான எனக்கு எல்லாம். அவிய உள்ள போயிட்டா அந்தப் பிள்ளைகள யாரு பாப்பா? உங்க கை போனது போனதுதான. திரும்பியா வரப்போகுது?"

சரிதான். திரும்பி வராது.

29-12-92

எழுதிக் கொடுத்துவிட்டேன். 'டிரான்ஸ்பார்மர் பியூஸைப் பிடுங்க மறந்து கம்பத்தில் ஏறிவிட்டேன்.' ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட மறந்ததில்லை. கருத்தையா, "நான் பாத்ததச் சொல்லுவேன்ணே" என்று குதித்தான். நான்தான் அவனை அடக்கினேன். என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான்.

முத்தாத்தாள் அந்த மூன்று கட்டையையும் எங்கே போட்டாள் என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

13-1-93, போகி

ஆர்டர் வந்தது. கருத்தையாவுக்கு.

6-6-93, ஞாயிறு

மச்சான் மகளுக்குச் சடங்கு. போகமாட்டேன் என்றேன். வராவிட்டால் எல்லாரும் உங்களைத்தான் கேட்பார்கள் என்று முத்தாத்தாள் இழுத்துப் போனாள். கேட்கத்தான் செய்தார்கள். கை எப்படிப் போச்சு என்று ஒவ்வொருவரும் கேட்க, நான் வாய் திறக்கும் முன்னால் மச்சானே பதில் சொன்னார். "மாப்ள நல்ல வேலக்காரருதான். அன்னைக்கு என்னவோ பியூஸ எடுக்காம ஏறிட்டாரு. கெட்ட நேரம்." சொல்லும்போது அவர் கண் கலங்கியது. நடிப்பு இல்லை. ஐந்து மாதமாகச் சொல்லிச் சொல்லி அவருக்கே அது உண்மையாகிவிட்டது.

கடைசிப் பந்தியில் உட்கார்ந்தோம். முத்தாத்தாள் பக்கத்தில் இருந்து எனக்குச் சோற்றைப் பிசைந்து தந்தாள். வெறுமனே தொங்கிய சட்டைக் கை இலையில் படாமல் மடித்துவிட்டாள். பிறகு, யாருக்கும் கேட்காமல், பெருமூச்சு விட்டுக்கொண்டு சொன்னாள்:

"அன்னைக்கு நீங்க அந்தப் பியூஸ மட்டும் எடுத்துட்டு ஏறியிருந்தா..."

அவள் பொய் சொல்லவில்லை. மனசாரத்தான் சொன்னாள்.