பத்து வருஷம் உழைக்கும் பை

1877 செப்டம்பர் 9, ஞாயிறு

ஒரு கறுப்பு எறும்பு அப்பாவின் பைக்குள் நுழைந்தது. பூசைக்குப் போகத் தலை வாரிக்கொண்டே பார்த்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அது பையின் அடி மூலையால் வெளியே வந்து, ஒன்றும் நடக்காதது போல் சுவரில் ஏறிப் போனது.

கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். அதே மூலையால் என் இரண்டு விரல்கள் வெளியே வந்தன.

எறும்பு போகிற வழியால் மழை போகாதா?

செப்டம்பர் 12

போயே விட்டது. வத்தேகமப் பக்கம் பெய்த மழையில் பேர்ப் புத்தகம் நனைந்து, ஆறு பக்கம் மை கரைந்து நீலக் கஞ்சியாகிவிட்டது.

அப்பாவின் வேலையைப் பற்றி இதில் நான் எழுதியதே இல்லை. அவர் அம்மை குத்துகிறவர். கோப்பித் தோட்டம் தோட்டமாக நடந்து, லயங்களில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், உள்ள பிள்ளைகளின் கையில் அம்மைப்பால் வைத்துக் கீறிவிட்டு வருவார். பால் சின்னக் கண்ணாடிக் குழாய்களில் இருக்கும். யாருக்குக் குத்தியது, எத்தனை வயது, பிடித்ததா இல்லையா, எல்லாம் பேர்ப் புத்தகத்தில் ஏற வேண்டும். இரண்டு வருஷமாக எழுதுகிறவள் நான். அம்மா செத்த மாதம் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தை விட்டேன். அப்பாவுக்குக் கிட்டப் பார்வை குறைந்தது அதற்குப் பிறகுதான். பிள்ளைகள் அதிகமான நாளில் கூடப் போவேன், அவர் பேரைக் கேட்டுச் சொல்வார், நான் எழுதுவேன்; மற்ற நாளில் அவர் கேட்டு வந்ததை இரவில் ஏற்றுவேன். வெளி ஆட்களிடம் எனக்குப் பேச வராது. வாய் வரைக்கும் வரும், அங்கேயே நின்றுவிடும்.

பெரிய டாக்குத்தர் புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாராம். இன்னொரு தடவை நனைந்தால் வேறு ஆளைப் போடுவேன் என்றாராம். அப்பா சொல்லிவிட்டுச் சிரித்தார். சோறு பாதி அப்படியே இருந்தது.

செப்டம்பர் 14

மழை புகாத நல்ல பை ஒன்று வாங்கு என்கிறார் அப்பா. நான்தான் போக வேண்டுமாம். அவர் விடியுமுன் போகிறார், கடை பூட்டிய பிறகு வருகிறார்.

செப்டம்பர் 15

கொழும்புத் தெரு வரை போனேன். தோல் பைகள் தொங்கும் கடைக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

செப்டம்பர் 17

இன்று உள்ளே போய்விட்டேன். மழை வந்ததால் போனேன் என்பதுதான் உண்மை.

கடைக்காரர் பேர் பாரூக். துரைமாரின் குதிரைகளுக்குச் சேணம் தைக்கிறவர். முழங்காலுக்கு நடுவில் ஒரு வாரை இடுக்கிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார்.

“செல்லுங்க மகள், என்ன வேணும்?”

நான் வாசலிலேயே நின்றேன்.

“மழைக்கு ஒதுங்கினதா? அப்ப நில்லுங்க. மழைக்கு நான் காசு வாங்குறல்ல.”

நான் சுவரில் தொங்கிய பைகளைக் காட்டினேன்.

“யா அல்லா, விரல் பேசுது! வாய் வீட்டுலயா ஈக்கிது?”

திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் சத்தம் கேட்டது. “அந்தப் புள்ளய வெருட்டாதீங்க! வந்த ஆளையும் ஓட வெச்சிட்டு, பொறகு யாவாரம் இல்லன்டு எனக்கிட்ட வந்து அழுவீங்க.”

“பாத்தீங்களா மகள்? என்ட பொஞ்சாதி சித்தி றலியா இந்தக் கடையில ஒரு ஊசியும் புடிக்கல்ல. ஆனா முதலாளி அவதான்.”

மூன்று பைகளை எடுத்து வைத்தார். ஒன்று ஆட்டுத்தோல், துணி மாதிரி மடங்கியது. கறுப்பாகப் பளபளத்த இரண்டாவதில் பித்தளைப் பூட்டு. அதுதான் முதலில் கண்ணில் பட்டது. மடக்கிப் பார்த்தேன், மடிப்பில் மயிர் மயிராக வெடிப்புத் தெரிந்தது. வாரை இழுத்தால் ரப்பர் போல நீண்டது. மூன்றாவது மங்கல் தவிட்டு நிறம், தடி, நாற்றமும் அதிகம். அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். அடியில் தையலே இல்லை. முன்பக்கமும் அடியும் பின்பக்கமும் ஒரே துண்டு.

“என்ன தேடுறீங்க?”

“அடி மூலை” என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

அவர் ஊசியைக் கீழே வைத்தார். “எல்லாரும் பூட்டப் பாப்பாங்க. துரைசாணி கூடப் பூட்டத்தான் பாக்குற. நீங்க அடி மூலையப் பாக்குறீங்க.” அப்படிச் சொல்லிவிட்டு, பக்கவாட்டில் இருந்த ஒரு தையலைக் கத்தி முனையால் தானே அறுத்தார். “இப்ப இழுங்க.” இழுத்தேன். பக்கத்துத் தையல் அசையவில்லை. ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் எதிரெதிராக விட்டுத் தைப்பதாம். ஒன்று அறுந்தாலும் மற்றது விடாது.

“மாட்டுத்தோல், முதுகுத் துண்டு. பத்து வருஷம் உழைக்கும். மவுத்தாகுற வரைக்கும் நீங்க என்ன ஏச மாட்டீங்க.”

செப்டம்பர் 20

அப்பா தூங்கும்போது தோளிலிருந்து இடுப்பு வரை நூல் பிடித்து, முடிச்சுப் போட்டுக் கொண்டுபோனேன். வார் அந்த அளவு வேண்டும். குழாய்ப் பெட்டிக்கு உள்ளே தனி அறை, புத்தகத்துக்கு மேலே மடிகிற மூடி. இத்தனையையும் வாயாலேயே சொன்னேன். அறுத்த தையலை மறுபடி போட்டுக்கொடுக்கவும் சொன்னேன். பாரூக் திரையைப் பார்த்துக் கத்தினார்: “கேட்டீங்களா? ஊமைப் புள்ள இன்டைக்கு என்ன வேல வாங்குது!”

செப்டம்பர் 29

பை வந்துவிட்டது.

மேசையில் வைத்தேன். மூடியைத் திறந்து காட்டினேன், அடியைக் காட்டினேன், இரண்டு ஊசித் தையலைச் சொன்னேன். பத்து வருஷம் உழைக்கும் அப்பா என்றேன். மூச்சுவிடாமல் பேசியிருக்கிறேன் போல.

அப்பா முகர்ந்து பார்த்தார். தடவினார். மறுபடி முகர்ந்தார்.

“மாடா?”

“முதுகுத் துண்டு.”

“நல்லாத்தான் இருக்கு, மதலேன்” என்றார்.

அப்பாவுக்குப் பேச்சே வரவில்லை, அவ்வளவு பிடித்துவிட்டது.

ஒக்டோபர் 3

நாள் முழுக்க மழை. புத்தகத்தில் ஒரு சொட்டு இல்லை. பெரிய டாக்குத்தர், இது யார் எழுத்து, நன்றாக இருக்கிறதே என்றாராம்.

ஒக்டோபர் 8

என்ன எழுதுவது?

மூங்கில்காட்டுத் தோட்டத்தில் அம்மை என்று ஆள் வந்தது. கடலுக்கு அப்பால் அவர்கள் ஊரில் பஞ்சம் என்று மாத்தளை வழியாக நடந்து வந்த புதுக்கூட்டம் ஒன்று அங்கே இறங்கியிருக்கிறது. அவர்களோடு வந்ததாம். பிள்ளைகள் அதிகம், எழுத ஆள் வேண்டும் என்று அப்பா என்னையும் கூட்டிப்போனார். கோப்பிச் சாக்கு ஏற்ற வந்த வண்டியில் பாதி வழி, மீதி நடை. மலை முழுக்கக் கோப்பி இலையில் மஞ்சள் பொடி. தொட்டால் விரலில் ஒட்டுகிறது. மரங்களுக்கும் வியாதி.

லயத்துக்கு முன்னால் வேப்பிலை கட்டியிருந்தது. அப்பா எப்போதும் போல வேலியோரம் செருப்பைக் கழற்றினார். பிறகு தோளிலிருந்து பையைக் கழற்றினார். அதற்குள் பார்த்துவிட்டார்கள்.

“ஐயா, அங்கனயே நில்லுங்க!”

ராக்கம்மா என்ற பெண். இடுப்பில் கைக்குழந்தை. அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன், நாலு வயது இருக்கும். என்னைப் பார்த்து நாக்கை நீட்டினான்.

கங்காணி மூக்கையா வந்தார். அப்பாவை நெடுநாளாகத் தெரிந்தவர். கும்பிட்டுக்கொண்டேதான் பேசினார். “ஆத்தா எறங்கியிருக்கா ஐயா. மாட்டுத் தோல மாட்டிக்கிட்டு வர்றீங்களே. ஒங்களுக்குத் தெரியாததா?”

“மரத்தடியில வச்சுட்டு வர்றேன் மூக்கையா.”

“வச்சிட்டா? கத்தி அதுக்குள்ளதான இருந்துச்சு. பாலும் அதுக்குள்ளதான இருந்துச்சு. அதக் கொண்டுபோயி புள்ள ஒடம்புல வைக்கவா?”

பாலே மாட்டிலிருந்து வந்ததுதான் என்று அப்பா ஒருமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார். அங்கே சொல்லவில்லை.

“பழைய துணிப் பையோட அடுத்த லயத்துக்கு வந்தப்ப நாங்க ஒரு வார்த்த சொன்னோமா?” என்றாள் ராக்கம்மா. அப்பா பையையே பார்த்து நிற்கவும் என் பக்கம் திரும்பினாள். “ஏம்மா, நீயாச்சும் சொல்லு. வாய் கெடையாதா ஒனக்கு?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் பை, என் பை என்று உள்ளே அடித்துக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு கதவாகச் சாத்தினார்கள். ஆத்தாவுக்குத் தண்ணீர் ஊற்றி முடிகிற வரைக்கும் வராதீர்கள் என்று கங்காணி சொல்லிவிட்டார். எப்போது ஊற்றுவீர்கள் என்று அப்பா கேட்டார். ஆத்தா போக வேண்டாமா, அதற்கு நாள் வைக்க நாம் யார் என்றார் அவர்.

திரும்பும் வழியில் அப்பா புத்தகத்தில் எழுதச் சொன்னார். ‘மறுத்தவர்கள்’ என்று ஒரு பத்தி இருக்கிறது. பேர் தெரியாததால் தாய் பேரை வைத்து எழுதினேன். ராக்கம்மா பிள்ளைகள், இரண்டு. மொத்தம் பதினான்கு.

ஒக்டோபர் 9

கேட்டுவிட்டேன். “உங்களுக்கு முந்தியே தெரியுமா?”

அம்மை வந்த வீட்டுக்குள் தோல் போகக் கூடாது என்பது மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்றார். எனக்குத்தான் தெரியாது. நான் டவுனில் கன்னியாஸ்திரிகளிடம் வளர்ந்தவள்.

“அப்ப ஏன் சொல்லல? ஏம்ப்பா சொல்லல?”

“பத்து வருஷம் ஒழைக்கும்னு சொன்னியே. ஒங்கம்மா போனதுக்கப்புறம் நீ அவ்வளவு பேசி நான் கேட்டதில்ல. அம்ம வந்த லயத்துக்குப் போறப்ப மட்டும் ரோட்டுலயே வச்சுக்கலாம்னு நெனச்சேன். பேச்சுக் குடுத்துக்கிட்டே வந்தேனா… மறந்துட்டேம்மா.”

பேச்சுக் கொடுத்தவள் நான். வழியெல்லாம் பையைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தேன்.

ஒக்டோபர் 13

பழைய கித்தான் பையை ஒட்டுப்போட்டுக்கொண்டு அப்பா தனியே போய் வந்தார். வேலிக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்களாம்.

ஒக்டோபர் 18

மறுபடி போனார். மறுபடி வந்தார்.

ஒக்டோபர் 30

ராக்கம்மாவின் பையன் செத்துவிட்டான்.

நாக்கை நீட்டினவன்.

அப்பா வந்து சொல்லிவிட்டு, புத்தகத்தில் குறிக்க வேண்டும் என்றார். திறந்தேன். ‘ராக்கம்மா பிள்ளைகள், இரண்டு.’ இரண்டில் எது என்று எப்படி எழுதுவது? அவன் பேர் என்ன என்று கேட்டேன். அப்பாவுக்கும் தெரியவில்லை. மேலே ‘மறுத்தவர்கள்’ என்று என் கையெழுத்துத்தான், நன்றாக இருக்கிறது என்று டாக்குத்தர் சொன்ன எழுத்து. அவர்கள் மறுத்தார்களா? கதவைச் சாத்த வைத்தது யார்?

குத்தியிருந்தாலும் செத்திருக்கலாம் என்கிறார் அப்பா. இருக்கலாம். பிழைத்தும் இருக்கலாமே.

ஒக்டோபர் 31

பை ஆணியில் தொங்குகிறது. உள்பக்கம் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. தையல் ஒன்றும் விடவில்லை.

நவம்பர் 2, மரித்த ஆத்துமாக்கள் திருநாள்

அம்மாவின் கல்லறையில் மெழுகுதிரி வைத்தோம். காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. எரியாமல் மிச்சமானதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மாவிடம் கேட்டுத்தான் எடுத்தேன். அவர் வேண்டாம் என்று சொல்கிறவர் இல்லை.

நவம்பர் 3

பாரூக் கடைக்குப் போய் நூலும் இரண்டு ஊசியும் கேட்டேன். பை பழுதாகிவிட்டதா என்று பதறினார். இல்லை, துணியில் ஒன்று தைக்க வேண்டும் என்றேன்.

“துணியிலயா? சேணத் தையலையா?” சிரிக்கப் போனவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஏன் என்று கேட்டார். சொன்னேன். பையன் செத்ததையும் சொன்னேன்.

இரண்டு ஊசியைத் தேடி எடுத்தார். “என்னத்துக்குப் பைன்டு நானும் கேக்கல்லயே மகள்” என்றார். சித்தி றலியா திரையை விலக்கி வந்து, நூலைத் தானே சுற்றி என் கையில் வைத்தார்.

நவம்பர் 6

அம்மாவின் பழைய கித்தான் படங்கு ஒன்று அலுமாரிக்கு மேலே இருந்தது. நெல் காயவைக்க விரிக்கிறது. அதை இரட்டையாக மடித்தேன். அடியில் தையல் இல்லாமல் ஒரே துண்டு. துணியில் நூல் இழுத்தால் சுருங்குகிறது. மூன்று தரம் பிரித்தேன். விரலெல்லாம் குத்து.

நவம்பர் 8

மெழுகை உருக்கித் தேய்த்தேன். அடிமூலைக்கு இரண்டு பூச்சு. தண்ணீர் ஊற்றி ஒரு இரவு தொங்கவிட்டேன். காலையில் கீழே தரை உலர்ந்திருந்தது.

அப்பா ஆசுபத்திரியில் கேட்டுப் புதுக்கத்தி ஒன்றும் புதுக் குழாய்களும் வாங்கி வந்தார். தோலைத் தொடாமல், வேட்டித் துணியில் சுற்றிக்கொண்டு.

நவம்பர் 10

மூங்கில்காட்டில் ஆத்தாவுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டார்களாம். ஐந்து பேர் போன பிறகு. அதில் பிள்ளைகள் மூன்று. பக்கத்து லயத்தில் புதிதாக ஒருவருக்குக் காய்ச்சல் என்கிறார்கள்.

திங்கள் போகிறோம்.

நவம்பர் 12, திங்கள்

மழை. வேலியோரம் அப்பாவோடு நானும் செருப்பைக் கழற்றினேன்.

கங்காணி மூக்கையா பையை வாங்கிப் பார்த்தார். உள்ளே கைவிட்டார், முகர்ந்தார். “மெழுகு வாசம்” என்றார். புதுக்கத்தி, புதுப்பால் என்று அப்பா சொன்னார். கங்காணி போங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு வழியை விட்டு நகர்ந்து நின்றார்.

முதல் இரண்டு கதவு திறக்கவில்லை. மூன்றாவதில் மூன்று பிள்ளைகளுக்குக் குத்தினோம். அப்பா பேரைக் கேட்டுச் சொன்னார், நான் எழுதினேன். அடுத்தது ராக்கம்மாவின் கதவு. அப்பா அங்கே போய் நின்றார். கூப்பிட வாயைத் திறந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

“அக்கா” என்றேன் நான்.

சத்தம் மெல்லத்தான் வந்தது. மறுபடி கூப்பிட்டேன்.

கதவு திறந்தது. மெலிந்து போயிருந்தாள். கைக்குழந்தை அதே இடுப்பில். அப்பாவைப் பார்க்கவில்லை. என்னையும் என் தோளில் இருந்த பையையும் பார்த்தாள்.

“வாய் வந்துருச்சா ஒனக்கு?” என்றாள்.

நான் பேர்ப் புத்தகத்தை எடுத்தேன். ஒக்டோபர் 8 பக்கத்தைத் திறந்து, “மூத்தவன் பேர் என்னக்கா?” என்று கேட்டேன்.

அவள் திறந்த பக்கத்தையே பார்த்தாள். அப்பா என் தோளைத் தொட்டார்.

“காத்தமுத்து” என்றாள்.

எழுதினேன். அவள் குழந்தையை அப்பா பக்கம் திருப்பினாள். நான் அதன் சட்டைக் கையை மேலே சுருட்டிப் பிடித்துக்கொண்டேன்.