ஷாஃப்ட் ஸ்டாப்பில் ஏறியவர்கள்

ஆண்டர்சன்பேட்டை,
ஞாயிறு காலை

அன்பு மகன் உதய்க்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நன்றாக இருக்கிறேன், ஜாம்நகர் உப்புக் காற்றில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்பித்தான் ஆரம்பிக்கிறேன். முருங்கை காய்த்துக் கொட்டுகிறது, தின்ன நீ இல்லை, சுரங்க லைன் வீடுகள் முழுக்கக் கொடுத்தாயிற்று. ஷிஃப்ட் முடிந்து வந்து வெறும் டீயோடு படுத்துவிடாதே. ஒரு பஸ்ஸுக்காக ஏன் இவ்வளவு சண்டை போடுகிறாய், ஸ்கூட்டர் வாங்கித் தருகிறேன் என்று அன்றைக்குக் கேட்டாயே, அதற்குப் போனில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு உன்னோடு வைத்துக்கொள்.

கோலாரிலிருந்து பேத்தமங்களா வழியாக வரும் சாயங்கால பஸ்ஸை நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு பொங்கலுக்கு முன்பே வந்தது. மேலேயிருந்து வரும் பணத்தைக் குறைத்துவிட்டார்களாம், பேத்தமங்களா தாண்டினால் சீட்டெல்லாம் காலியாம். பெங்களூருக்குப் போகிறவர்களுக்கு ரயில் இருக்கிறது, கோலாருக்குப் போகிற எங்களுக்கு இதுதான். கோலாரில் என் லைப்ரரி வேலை போனால் வேறு தேடிக்கொள்ளலாம், எதிர்வீட்டு குணசுந்தரி அக்காவுக்கு அப்படியில்லை. அங்கே ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் முடிந்து துவண்டுபோய் என் தோளில் சாய்ந்துதான் ஊர் வந்து சேருகிறார், அவரை ஸ்கூட்டரில் எப்படி உட்கார வைப்பது? ஒரு தடவை போகாவிட்டால்கூட அவருக்கு மூச்சு முட்டுகிறது. கூட்டத்தைக் கண்டாலே ஒதுங்குகிற நான் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன் என்றால் பார்த்துக்கொள். "இன்னாம்மா, எலெக்சன்ல நிக்கப் போறியா? எனக்கு இன்னா குடுப்பே?" என்று அக்கா அந்த நிலையிலும் கிண்டல் செய்தார்.

கடைசியில் ஓர் ஆபீசர் தானே பஸ்ஸில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். லைன் ஜனமெல்லாம் அன்று பேத்தமங்களா போய் அதில் ஏறுவதாக ஏற்பாடு. அன்று பார்த்து, சுரங்கக் கழிவு கொட்டிய சயனைட் மேட்டிலிருந்து காற்று கிளம்பி ஊரே வெள்ளையாகிவிட்டது, ஒருவரும் வீட்டைவிட்டு வரவில்லை. பஸ்ஸில் அக்காவும் நானும் ஆபீசரும், டிரைவரும் கண்டக்டர் ஏனோக் அண்ணனும்தான். "நீங்களே பாருங்கம்மா" என்று ஆபீசர் காலி சீட்டுகளைக் காட்டினார், வருத்தத்தோடுதான் காட்டினார். பஸ் பழைய சுரங்க வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் ஷாஃப்ட் ஸ்டாப்பில் நின்றது. உனக்குத் தெரிந்த கதைதான், சுரங்கம் ஓடிய காலத்தில் ஷிஃப்ட் பஸ், கேஜ் கூண்டில் கடைசி ஆள் மேலே வரும்வரை கிளம்பாது. கீழே பாறை வெடித்துச் சரிந்த அன்று விடியும்வரை நின்றுவிட்டுக் காலியாகத் திரும்பியது, உன் கொள்ளுத்தாத்தாவும் அதில் வரவில்லை. அதிலிருந்து அந்த வழியாக எந்த பஸ் போனாலும் அங்கே நின்று கதவைத் திறந்து "ஏறுங்க, ஏறுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பும். சின்ன வயதில் நீயும் கூடச் சேர்ந்து கத்துவாய். ஆளே இல்லாத இடத்தில் எதற்கு டீசலை எரிக்கிறீர்கள் என்று ஆபீசர் கேட்டார். "பழக்கம் சார், நிக்காம போனா எங்களுக்குக் கை கால் ஓடாது" என்றார் ஏனோக் அண்ணன். வெளியே தூசியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பஸ் மெல்லத் தாழ்ந்தது, சந்தை நாளில் ஜனம் ஏறும்போது தாழுமே, அப்படி. ஈரப் பாறையின் வாசனை வந்தது. ஆபீசர் பேச்சை நிறுத்தாமலே பக்கத்து சீட்டில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். அப்புறம்தான் தான் என்ன செய்தோம் என்று பார்த்தார். ஊர் வரும்வரை முழங்காலை ஒடுக்கியபடியே வந்தார்.

பஸ் இப்போதைக்கு ஓடும், மறுபடி வந்து பார்த்துத்தான் முடிவு என்று தகவல் வந்திருக்கிறது. ஆனால் அந்த ஆபீசர் ஏனோக் அண்ணனுக்குப் போன் செய்து ஒன்றே ஒன்று கேட்டாராம், அங்கே ஏறினவர்கள் எங்கே இறங்கினார்கள் என்று. இதை என்னிடம் சொல்லிவிட்டு அண்ணன், "ஏத்திக்கினே இருந்துட்டோமே தங்கச்சி, எறங்குங்கன்னு ஒருத்தரும் ஒருநாளும் சொல்லலியே" என்றார். நினைத்துப் பார் உதய், இத்தனை வருஷமாக, கடைசி ஸ்டாப்பில் நாம் இறங்கியதும் விளக்கை அணைத்து டெப்போவுக்கு ஓட்டிப் போய்விடுகிறார்கள். மறுநாள் அண்ணன் கடைசி ஸ்டாப்பில் கதவைத் திறந்துவைத்து "எறங்குங்க" என்று சொல்லிப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. அப்போது அக்கா, அவர் தாத்தாவும் அன்று மேலே வராதவர்தான், படியில் திரும்பி நின்று காலி சீட்டைப் பார்த்து, "வாங்க தாத்தா, ஊடு வந்துடுச்சு, எவ்ளோ நேரந்தான் குந்திக்கினு இருப்பீங்க" என்றார். பஸ் அந்தப் பக்கம் விரலளவு உயர்ந்தது. அன்று அக்கா என் தோளைப் பிடிக்காமல் வீடுவரை நடந்தார், யாரோ முழங்கையைத் தாங்கியிருந்த மாதிரி. இப்போது பல வீட்டுக்காரர்கள் பேத்தமங்களாவரை போய் டிக்கெட் வாங்கி ஏறி வருகிறார்கள், தங்கள் ஆளைக் கூட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். சீட்டு காலி என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் எல்லாரும் இறங்கி முடிந்த பிறகும் பஸ் முழுசாக எழும்புவதில்லை.

நானும் உன் கொள்ளுத்தாத்தாவைக் கூப்பிட்டுப் பார்த்தேன், பஸ் அசையவில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்தவள்தானே. உன் அப்பா இருந்திருந்தால் கூப்பிட்டிருப்பார், இனி இந்த வீட்டு ரத்தம் என்று இருக்கிறவன் நீ ஒருவன்தான். இந்த லைன்களில் பாதி வீட்டுப் பிள்ளைகள் உன்னைப்போல எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்கள் வருவதற்குள் பஸ்ஸை நிறுத்தி எங்காவது இரும்புக் கடைக்குத் தள்ளிவிட்டால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களை எங்கே போய்க் கூப்பிடுவது? அக்கா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அவர்கள் வீட்டுக்கு வர வேண்டும், இரண்டுக்கும் இருப்பது அந்த ஒரு பஸ்தான். ஸ்கூட்டர் வேண்டாமப்பா.

நேற்று இறங்கும்போது என் முந்தானை சீட்டில் மாட்டிக்கொண்டது. தடவிப் பார்த்தேன், ஆணி இல்லை, கம்பி இல்லை. "பேரன் வருவான், கொஞ்சம் பொறுங்க" என்றேன். விட்டுவிட்டது.

லீவு கிடைத்ததும் வா. பங்காருப்பேட்டையில் ரயில் இறங்கி டாக்சியில் நேரே வீட்டுக்கு வந்துவிடாதே, பேத்தமங்களா போய் அந்த பஸ்ஸுக்காகக் காத்திரு. ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து இடத்தை விட்டுவை. உன் கொள்ளுத்தாத்தா பெயர் முனிரத்தினம், மறந்துவிடாதே. நீ எங்கே இருந்தாலும் நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா
ராதிகா