போதுமணி என்ற பெயர்

ஜூலை 4, வெள்ளி
விடாத மழை. சால்ட் லேக் குவார்ட்டர்ஸ் வாசலில் கணுக்கால் தண்ணீர். ஆபீசுக்கு லீவு.

எதிர் வீட்டு பௌதி வந்தாள். இங்கே அண்ணிக்கு அதுதான் சொல். அவள் பேத்தி பிறந்து ஏழாம் மாதம். பதிமூன்றாம் தேதி குழந்தைக்கு முதல் சோறு ஊட்டி, பெயரும் வைக்கிறார்கள்.

“உன் பேரையே வைக்கப்போறோம். போதுமணி! மருமகளுக்கும் ரொம்பப் பிடிச்சுப்போச்சு” என்றாள் பெங்காலியில்.

சிரித்து வைத்தேன்.

ஜூலை 5
தப்பு என்னுடையது. குடிவந்த புதிதில் அர்த்தம் கேட்டாள். எங்கள் ஊர் அம்மன் பெயர் என்று சொல்லிவிட்டேன். பதினோரு வருஷப் பொய்.

உண்மை: வீட்டில் நாலாவது பெண். இனிப் பெண் போதும் என்று சாமியிடம் சொல்ல வைத்த பெயர். ஐந்தாம் வகுப்பில் நாங்கள் மூன்று போதுமணிகள். மூவருக்கும் அடுத்தது தம்பி. பெயர் வேலை செய்தது! இப்போது யாரும் வைப்பதில்லை. ஸ்கேனிலேயே பார்த்துக்கொள்கிறார்களோ என்னவோ.

ஆபீசில் மணி. வீட்டாருக்கும் மணி. முழுசாகக் கூப்பிடுவது பௌதி மட்டும். அவள் வாயில் அது நல்ல பெயராகத்தான் இருக்கிறது.

ஜூலை 7, திங்கள்
லேக் மார்க்கெட். இட்லி அரிசி, புளி, அப்பளம். காபிப் பொடி மறந்தாயிற்று.

அக்காவுக்கு போன். “அவங்களுக்குத் தமிழா தெரியப்போவுது? வாயை மூடிட்டு இருடி.”

இருக்கலாம். ஆனால் அந்தக் குழந்தை என்றைக்காவது பேருக்கு அர்த்தம் என்னவென்று போனில் தேடிப் பார்க்கும். எனக்குத் தெரிந்தபோது வயசு பத்து. அன்று நான் சாப்பிடவில்லை. வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை.

ஜூலை 9
நல்லவேளை, அழைப்பு கார்டு இன்னும் அச்சுக்குப் போகவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன். தடுமாறித் தடுமாறி.

பௌதி, “பொறந்த குழந்தையப் பாத்தா போதும்னாங்க?” என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

ஜூலை 13, ஞாயிறு
குழந்தைக்கு வேறு பெயர். பட்டுப் பாவாடை, தலையில் சின்னக் கிரீடம். பாயசத்தைத் துப்பியது. எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

சரியாகத்தான் செய்தேன். அதில் சந்தேகமில்லை.

ஜூலை 15
வெயில். துணி காய்ந்தது.

படிக்கட்டில் பௌதி. “இந்தாம்மா, மீன் வாங்கப் போறேன், வர்றியா?” நேற்றும் ‘இந்தாம்மா’தான். ஒருமுறை பழக்கத்தில் ‘போது’ வரைக்கும் வந்தவள், நாக்கைக் கடித்துக்கொண்டாள். என் மனசு நோகக் கூடாதாம். நல்லவள்.

என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று எப்படிக் கேட்பது?