பங்சார் மாடியில் கெட்டிமேளம்

பிரிக்பீல்ட்ஸ்
4 ஜூன் 2024

அன்புள்ள செல்வத்துக்கு,

நலமா என்று கேட்டால், "நீ இல்லாம நல்லாத்தான் இருக்கேன்" என்பீர்கள். அதனால் கேட்கவில்லை. கைப்பேசியில் என்னை ப்ளாக் செய்துவிட்டீர்கள். கட்டிய மனைவி ஸ்டாம்பு ஒட்டி எழுதவேண்டிய நிலைமை!

ஓர் உதவி வேண்டும். நானும் பியானோ வாசிக்கும் சியூ லிங்கும் ட்ரம்ஸ் அஸ்லானும் பங்சாரில் ஒரு கடைவீட்டு மாடியில் ஜாஸ் வாசிக்கிறோமே, 15ஆம் தேதி அங்கே கச்சேரி. அஸ்லான் பூப்பந்து ஆடி மணிக்கட்டை முறித்துக்கொண்டான். நீங்கள் தவிலைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும்.

"அது சங்கீதமா, வெறும் சத்தம்" என்று சுபாங் ஜெயாவில் உங்கள் அக்கா வீட்டு விருந்தில் எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். அதற்காகத்தான் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தேன். இன்னும் ஆறவில்லை. ஆனாலும் உங்கள் கைக்கு ஈடாக எனக்கு வேறு கை தெரியாது.

குமுதா

கிள்ளான்
7 ஜூன் 2024

குமுதா,

உன் கடிதத்தைப் படித்துச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. முப்பது நாற்காலி போட்ட இடத்தில் தவிலா? காது கிழிந்துவிடும். என்ன பாட்டு? என்ன ராகம்? யார் தொடங்குவது, எங்கே முடிப்பது? அதையெல்லாம் எழுது, பிறகு பார்க்கலாம்.

நம் மேளக்குழு சுகுமாறன், "அண்ணே, அண்ணி எப்பதான் வருவாங்க?" என்று உயிரை வாங்குகிறான். உன் இடத்தில் சாக்ஸபோன் வாசிக்க பக்கத்து ஊர் மேருவிலிருந்து ஓர் ஆள் வருகிறார். குறையொன்றும் இல்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கமாட்டார், அவ்வளவுதான்.

நீ அரைத்து வைத்த மிளகாய்ச் சம்பால் தீர்ந்துவிட்டது.

செல்வம்

பிரிக்பீல்ட்ஸ்
10 ஜூன் 2024

செல்வம்,

பாட்டும் இல்லை, ராகமும் இல்லை. யாராவது ஒருவர் தொடங்குவோம், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சேர்ந்துகொள்வோம். வாசிக்கும்போதுதான் அது என்னவென்று எங்களுக்கே தெரியும். பயமாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

எட்டு மணிக்கு. வேட்டி வேண்டாம்.

குமுதா

கிள்ளான்
16 ஜூன் 2024

என் குமுதா,

முடிந்ததும் சொல்லாமல் ஓடிவந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. வெட்கம் பிடுங்கித் தின்றது.

முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நீ சாக்ஸபோனில் வெறும் மூச்சை விட்டுக்கொண்டிருந்தாய். சியூ லிங் பியானோ மூடியைத் தட்டினாள். நான் தவிலை விரலால் தடவிக்கொண்டு திருதிருவென்று விழித்தேன். செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் உன்னைக் கேட்க ஆரம்பித்தேன். இத்தனை வருடம் பக்கத்திலேயே வாசித்திருக்கிறாய், நான் இப்படிக் கேட்டதே இல்லை.

நீங்கள் இருவரும் அடங்கி அடங்கி ஊசி விழுந்தால் கேட்கும் அளவுக்கு வந்தீர்கள். அப்போது பார்த்து சியூ லிங் விரலைத் தூக்கி ஆட்டினாளே! 'இன்னும் மெதுவாக' என்று உங்களுக்குள் அர்த்தமாம். எனக்கு யார் சொன்னது? மணமேடையில் ஐயர் விரலை ஆட்டினால் தாலி ஏறுகிறது என்று அர்த்தம். என்னைக் கேட்காமலேயே கை கெட்டிமேளத்தை வெளுத்து வாங்கிவிட்டது.

போச்சுடா என்று நிமிர்ந்தால், நீ சிரித்துக்கொண்டே எனக்கு மேல் ஏறி வாசிக்கிறாய்! சியூ லிங் இரண்டு கையாலும் பியானோவைப் போட்டு அடிக்கிறாள். முன்வரிசை ஆன்டி ஒருவர் எழுந்து அட்சதை மாதிரி பாப்கார்னை வாரி எறிகிறார். "யாருக்குலா கல்யாணம்?" என்று ஒருவர் கத்த, மாடியே குலுங்கியது.

எத்தனையோ பேர் தாலிக்கு வாசித்திருக்கிறேன். நம் கல்யாணத்துக்கு மட்டும் வேறு ஆள் வாசித்தார். நேற்று நானே வாசித்துவிட்டேன்.

அடுத்த கச்சேரிக்கு அக்காவையும் அழைத்து வருகிறேன். அவர் முன்னால் நான் சொன்னதை அவர் முன்னாலேயே திரும்பப் பெறவேண்டும். ப்ளாக்கை எடுத்துவிட்டேன். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. கறிவேப்பிலைச் செடி நன்றாக இருக்கிறது. வேறென்ன எழுதுவதென்று தெரியவில்லை.

உன் செல்வம்

22 ஜூன் 2024

என் செல்வத்துக்கு,

"வீட்டுக்கு வா" என்று எழுதத் தெரியாமல் குழாய், கறிவேப்பிலை என்று அளந்திருக்கிறீர்கள். உங்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய!

கை சரியானாலும் தவில் இருந்தே ஆகவேண்டும் என்கிறான் அஸ்லான். சியூ லிங்கும் அதையேதான் சொல்கிறாள்.

இதைத் தபாலில் போடப்போவதில்லை. நம் வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மழை தூறுகிறது, பெட்டிகள் நனைகின்றன. உள்ளே உங்கள் தவில் கேட்கிறது. தாளம் எதுவும் இல்லை, சும்மா எதையோ தேடிக்கொண்டிருக்கிறீர்கள். அழகாக இருக்கிறது, அதனால்தான் மணி அடிக்க மனம் வரவில்லை.

கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். சாவி என் பையில்தான் இருக்கிறது. ஆனாலும் நீங்கள் வந்து திறக்கவேண்டும்.

குமுதா