மண்ணுக்குள் ஐந்து தட்டல்

நவம்பர் 2, 1921

எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். 1914-ல் தொப்பியில் பூ செருகிக்கொண்டு எல்லோரும் ரயில் ஏறியபோது, இது எட்டு வருஷச் சண்டை என்றேன். சிரித்தார்கள். 1918-ல் சமாதானம் வந்துவிட்டது என்று தேவாலய மணியை அடித்துத் தீர்த்தார்கள். அடிக்காதீர்கள், பீரங்கி வார்க்க அந்த மணியையே இறக்கப் போகிறார்கள் என்றேன். சமாதானம் நிலைக்கவில்லை, சண்டை மறுபடி மூண்டது, மணியை இறக்கினார்கள். பிரெஞ்சுக்காரன் நம் ஜெர்மனிக்குள்ளே ஐஃபெல் மலைவரை வருவான் என்றதும் நான்தான். இதோ, எதிர் மேட்டில் அவன், இந்த மேட்டில் நாங்கள். அவன் காலடிக்கு வெடிமருந்து கொண்டுபோக மலைக்குள்ளே சுரங்கம் வெட்டுகிறோம். நிலக்கரி வெட்டிய கைகளுக்கு இது விளையாட்டு.

சிமானெக்கிடம் இதைப் படித்துக் காட்டினேன். "கிறிஸ்துமஸுக்குள்ள வீட்டுக்கு வந்துடுவோம்னுதானடா அன்னிக்குச் சொன்னே? நான் பக்கத்துலதானே நின்னேன்!" என்கிறான். கெல்ஸன்கிர்ஷன் ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில் இத்தனை வருஷம் என்னோடு ஒரே முகப்பில் வெட்டியவன். ஆனால் ஞாபகசக்தி மட்டும் கிடையாது.

நவம்பர் 5

ஆல்வின் எங்கள் கம்பெனிக்கு வந்துவிட்டான். என் தங்கை ஹெட்விக்கின் ஒரே பையன். "உன் கண்ணு முன்னாடியே இருக்கட்டும்ண்ணா" என்று அவள் அழுதாள், நான் தளபதியிடம் இரண்டு வார்த்தை பேசினேன், அவரே எழுந்து நின்று கையெழுத்துப் போட்டார். (கிளார்க் ஒருவனும் ஏதோ உதவி செய்தான்.)

கிழங்கு ரொட்டி, கிழங்கு ஜாம், கிழங்கு சூப். சாப்பிடும்போது, சுரங்கத்தில் விழுந்த இரண்டு குதிரைகளை நான் தோளில் தூக்கி வந்த கதையைச் சொன்னேன். ஆல்வின் வாயில் ரொட்டியோடு கேட்கிறான்: "மாமா, அம்மாகிட்ட சொன்னப்போ ஒரு குதிரைதானே? இப்ப எப்படி ரெண்டாச்சு?"

"சினைக் குதிரை மாப்ளே, அப்புறம் குட்டி போட்டுச்சு" என்றான் சிமானெக். சுற்றி இருந்தவன் எல்லாம் சூப்பைத் துப்பிச் சிரித்தான். சிரிக்கட்டும். சிரிக்க இங்கே வேறு என்ன இருக்கிறது?

நவம்பர் 11

எதிரி கீழே வெடி வைத்துவிட்டான். சுரங்கத்தின் இடது கிளை மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. உள்ளே மூன்று பேர். ஆல்வின் ஒருவன்.

கேப்டன் டீட்ஸ் வந்து பார்த்தார். உள்ளே யாரும் பிழைத்திருக்க முடியாது, இடதை மூடிவிட்டு எல்லோரும் வலது கிளைக்குப் போங்கள் என்றார். கெட்டவர் இல்லை. எங்களைப் போலச் சுரங்கத்தில் வளர்ந்தவர் இல்லை, அவ்வளவுதான்.

நான் உள்ளே போகும் காற்றுக் குழாயில் காதை வைத்தேன். கேட்டது! ஐந்து தட்டல். டொக், டொக், டொக் – கொஞ்சம் நிறுத்தி – டொக், டொக். ஆள் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு எங்கள் ஊர்ச் சுரங்கங்களில் அதுதான் அடையாளம். இந்தக் காது மாதிரி ஒரு காது எங்கள் ரூர் நிலக்கரிப் பிரதேசத்திலேயே கிடையாது. "ஐயா, தட்டுறாங்க!" என்று கத்தினேன். மற்றவர்கள் வந்து காதை வைப்பதற்குள் நின்றுவிட்டது.

கேப்டன் என்னைப் பார்த்தார், அப்புறம் சிமானெக்கை. "இவன் சொல்றத நம்பலாமா?"

"ஐயா, இவன் வாயத் தொறந்தாலே புளுகுதான். மணி கேட்டாகூட அரை மணி கூட்டித்தான் சொல்லுவான். ஆனா தட்டல்ல புளுக மாட்டான். எங்க ஆளுங்க யாருமே தட்டல்ல புளுக மாட்டாங்க. அப்படி ஒண்ணு நடந்ததே கிடையாதுய்யா." சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றிப் பிக்காசை எடுத்துவிட்டான்.

கேப்டன் தலையாட்டினார்.

நவம்பர் 12

தோண்டுகிறோம். பத்து ஆள் வேலையை நான் ஒருவனே செய்கிறேன். முட்டு மரம் போதவில்லை, பழைய கட்டில் சட்டங்களை உடைத்து முட்டுக் கொடுக்கிறோம். இன்னொரு தடவை கேட்டேன். அதே ஐந்து. எல்லோருக்கும் சொன்னேன், கைகள் வேகமாயின. "சத்தம் கிட்ட வந்துருச்சா?" என்றான் சிமானெக். கிட்டே வந்துவிட்டது என்றேன்.

நவம்பர் 13

சிமானெக் போய்விட்டான்.

நவம்பர் 14

எழுதத்தான் வேண்டும். கட்டில் சட்டம் தாங்கவில்லை. முன்னால் நின்றது அவன். மேல்பாறை சரிந்தது. ஒரு சத்தம்கூட இல்லை.

அதற்குப் பிறகும் மற்றவர்கள் நிறுத்தவில்லை. தட்டியவன் உள்ளே இருக்கிறானே! இன்று ஆல்வினிடம் போய்ச் சேர்ந்தோம். மூன்று பேரும் ஒரே இடத்தில். டாக்டர் பார்த்துவிட்டு, பாறை விழுந்த அந்த நொடியிலேயே போய்விட்டார்கள், நெஞ்செலும்பு எல்லாம் நொறுங்கியிருக்கிறது என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்போ தட்டினது யாரு?" – கேப்டன்.

பொய்த் தகவல் கொடுத்தவனைச் சுவரோரம் நிறுத்திச் சுடுவார்கள். அது எனக்குத் தெரியும். "எதிரிதான் ஐயா" என்றேன். "நம்ம பழக்கம் அவனுக்கும் தெரியும். அவன்கிட்டேயும் சுரங்கக்காரங்க இருக்காங்க. நம்மள இழுத்துக் கொல்லத்தான் தட்டியிருக்கான்." சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. கேப்டன் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ஹெட்விக்குக்கு என்ன எழுதுவது?

நவம்பர் 16

உத்தரவு வந்துவிட்டது. இடிந்த சுரங்கத்திலிருந்து தட்டல் வந்தால் அது எதிரியின் தந்திரம், யாரும் பதில் தட்டக் கூடாது, தோண்டக் கூடாது. வரிசையில் நிற்க வைத்து வாசித்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தொட்டில் பிள்ளை அழுதால் எழுந்து போகாதே என்று தாயிடம் சொன்ன மாதிரி நின்றார்கள்.

ஆனால் நம்பினார்கள். பிரெஞ்சுக்காரனின் சுத்தியல் சத்தத்தைத் தானும் கேட்டதாக ஒருவன் சொல்கிறான். வாழ்க்கையில் முதல் தடவையாக என் கதையை எல்லோரும் நம்புகிறார்கள்.

நவம்பர் 19

ராத்திரி வலது கிளை இடிந்தது. உள்ளே நான்கு பேர்.

காலையில் குழாயில் சத்தம். காதை வைக்கவே வேண்டாம், பதுங்குகுழி வரைக்கும் கேட்டது. மூன்று, இரண்டு. மூன்று, இரண்டு. சமையல்காரன்கூடக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றான். யாரும் நகரவில்லை. எங்கள் ஊர்க்காரன் ஹூல்ஸ்மான் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு, "எப்படி அச்சு அசலாத் தட்டுறான் பாரு, பாவி" என்றான். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"டேய், அது நம்ம பசங்கடா!" என்றேன்.

"நீதானே எதிரின்னு சொன்னே?"

கேப்டனிடம் ஓடினேன். "ஐயா, தட்டுறது நம்ம ஆளுங்க. எதிரி தட்டவே இல்லய்யா. அன்னிக்கு யாருமே தட்டல. நான் சொன்னது பொய். என்னைச் சுட்டுருங்க, இவங்களைத் தோண்டச் சொல்லுங்க."

அவர் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டினார். "உட்காரு ஸ்ட்ராட்மான். மருமகனும் போயிட்டான், நண்பனும் போயிட்டான். உனக்கு மனசு சரியில்ல."

"பொய்யிங்க ஐயா!"

"எது பொய்? அன்னிக்குச் சொன்னதா, இன்னிக்குச் சொல்றதா?"

"அன்னிக்குச் சொன்னது."

"தட்டல்ல நீ புளுக மாட்டேன்னு சிமானெக் என் முன்னாடி சொன்னான். அத நம்பி உயிரையே கொடுத்தான். நாலு பேருக்காக நீ இப்ப புளுகுற. எனக்குப் புரியுது. ஆனா இன்னொரு சிமானெக்க நான் அனுப்ப முடியாது."

பிக்காசை எடுத்துக்கொண்டு நானே போனேன். இரண்டு பேர் பிடித்துக் கட்டிலில் கட்டிவிட்டார்கள். மெதுவாகத்தான் கட்டினார்கள். கையில் குறிகூட இல்லை.

நவம்பர் 20

கட்டை அவிழ்த்துவிட்டார்கள். தட்டல் இன்னும் கேட்கிறது. இடைவெளி அதிகமாகிவிட்டது. மூன்று கேட்கிறது, அந்த இரண்டு வருவதில்லை.

யாரும் சீட்டு விளையாடவில்லை.

நவம்பர் 21

நின்றுவிட்டது.

பதினொன்றாம் தேதி எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும். அதற்குக் கீழே இதையும் எழுதி வைக்கிறேன். இதைக் கேப்டன் நம்பவில்லை, ஹூல்ஸ்மானும் நம்பவில்லை, இனி யாரும் நம்பப் போவதில்லை. அன்று குழாயில் காதை வைத்தேன். ஹெட்விக்கின் பிள்ளை உள்ளே இருந்தான், கேப்டன் கிளம்பிக்கொண்டிருந்தார். காதை இன்னும் அழுத்தி வைத்தேன். எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் சொட்டும் சத்தம்கூட இல்லை.